கயிறு தெரியுதா? பரவாயில்லை பாஸ்!

வானத்தில் ஒரு பறக்கும் தட்டு வருகிறது. வரும்போதே லேசாக ஆடுகிறது. உற்றுப் பார்த்தால் மேலே ஒரு நூல் தெரிகிறது. தரையில் இறங்கியதும் கதவு பாதி திறந்து மாட்டிக்கொள்கிறது. உள்ளேயிருந்து வெள்ளி கலர் டிரெஸ் போட்ட ஒருத்தர் குனிந்து, நெளிந்து வெளியே வந்து, உலகத்தையே அழிக்கப்போவதாக மிரட்டுகிறார். அவருக்குப் பின்னால் இருக்கும் 'மலை' காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

சிரிப்பு வருதுல்ல? வரட்டும். நானும் சிரிப்பேன். ஆனால் சிரித்து முடித்த பிறகும் எழுந்து போகாமல் கடைசி சீன் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறோமே, அது ஏன்? அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேசணும்.

எனக்கு ஊர் கட்டபெட்டு. கோத்தகிரியிலிருந்து வரும் ரோடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் பிரிகிற இடம். தியேட்டரில் படம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. போர்வை, சூடா ஒரு டீ, கையில் போன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மழை நாட்களில்தான் பட்ஜெட்டே இல்லாத பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

சாம்பிளுக்கு ரெண்டு சொல்றேன். 1953-ல் அமெரிக்காவில் 'ரோபோட் மான்ஸ்டர்' என்று ஒரு படம். வில்லன் வேற்றுக்கிரக ரோபோ. ஆனால் ரோபோ டிரெஸ் தைக்கக் காசில்லை. டைரக்டர் ஃபில் டக்கர் என்ன செய்தார் தெரியுமா? சொந்தமாகக் கொரில்லா டிரெஸ் வைத்திருந்த ஒரு நடிகரைப் பிடித்து, தலைக்குக் கடலில் முங்குகிறவர்கள் மாட்டுகிற மாதிரி ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். வேற்றுக்கிரகவாசி ரெடி! நாலே நாளில் ஷூட்டிங்கும் ஓவர்.

அடுத்தது 1974-ல் வந்த 'டார்க் ஸ்டார்'. இது நம்மை மாதிரி ஸ்டூடண்ட்ஸ் சமாசாரம். சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த ஜான் கார்பென்டரும் டேன் ஓ'பேனனும் காலேஜ் புராஜெக்டாகத் தொடங்கிய படம். விண்கலத்துக்குள் திரிகிற வேற்றுக்கிரக ஜந்து ஒன்று வேண்டும். பீச்சில் விளையாடுகிற காற்றடைத்த பந்தை எடுத்து, அடியில் ரெண்டு கால் வைத்துவிட்டார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்கவில்லை. 'சரி, இதே ஐடியாவை வைத்துப் பயமுறுத்திப் பார்ப்போம்' என்று ஓ'பேனன் உட்கார்ந்து எழுதிய கதைதான் 1979-ல் ரிட்லி ஸ்காட் இயக்கி உலகத்தையே அலறவைத்த 'ஏலியன்'. பீச் பால் போட்ட குட்டி அது!

நம்ம பக்கமும் சளைத்ததில்லை. 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து 'காடு' என்று ஒரு படம் எடுத்தது. இங்கிலீஷில் 'தி ஜங்கிள்'. கதைப்படி, எப்போதோ அழிந்துபோன மாமத் என்கிற ரோம யானைகள் காட்டுக்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மாமத்துக்கு எங்கே போவது? யானை இருக்கு, ரோமம் இருக்கு. நம்ம ஊர் யானைக்கே ரோமப் போர்வை மாட்டியாச்சு. அந்த யானை மனசுக்குள் என்ன நினைத்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

1963 ஏப்ரலில் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆர், பானுமதி, நம்பியார். இயக்கம் ஏ.காசிலிங்கம். விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்ட ஒரு கிரகம். ஆனால் அங்கே பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. அதனால் பூமியில் நல்ல பாடகியாகத் தேடி, பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விவசாயி எம்.ஜி.ஆர் அந்தக் கிரகத்துக்கே போய் மீட்கிறார். 1967-ல் தாரா சிங் இந்தியில் நிலாவுக்குப் போனார். 1989-ல் வேலு பிரபாகரன் 'நாளைய மனிதன்' எடுத்தார்; செத்தவனை எழுப்புகிற மருந்து பற்றிய கதை. அடுத்த வருஷமே பார்ட் டூ!

இவற்றில் எதையும் 'உலகத் தரம்' என்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது வேறு.

எங்கள் காலேஜில் குறும்படப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு '2050'. நாங்கள் நாலு பேர் கேன்டீனில் உட்கார்ந்தோம். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒருத்தன் சொன்னான்: "சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாம் காசு இருக்கிறவன் பண்றது மச்சி. நமக்கு கிராஃபிக்ஸ் தெரியாது, கேமரா கிடையாது. பேசாம ஒரு லவ் ஸ்டோரி பண்ணிட்டுப் போயிடலாம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை. நாளைக்கு உலகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வதற்கும் காசு வேண்டுமா? எங்கள் பக்கத்து வீடுகளில் 'நாளை' என்றால் நாளைக்குப் பச்சை இலைக்கு என்ன ரேட் என்பதுதான். அதற்கு மேல் யோசிக்கிற வேலையை வெளியூர்க்காரனிடம் விட்டுவிட்டால், அவன் யோசிக்கிற நாளையில் கட்டபெட்டு இருக்குமா? நியூயார்க் இருக்கும். டோக்கியோ இருக்கும். நம்ம பஸ் ஸ்டாண்ட் இருக்காது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது 'கலை அரசி' போட்டேன். டம்ளரில் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் என் பாட்டி. பாட்டிக்குச் சின்ன வயசெல்லாம் இலங்கையில், கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். 1964-ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன இல்லையா, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம், அதன்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. இங்கே வந்தும் கொழுந்து பறிக்கிற வேலைதான்.

நான் செட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பாட்டி சிரிக்கவில்லை. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிற சீன் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது:

"அந்தப் புள்ள ஊருக்குத் திரும்பி வந்துருமா கண்ணு?"

"வந்துரும் பாட்டி. எம்.ஜி.ஆர் போயிருக்காருல்ல."

"கைத்தொழில் தெரிஞ்ச புள்ளைன்னுதானே தூக்கிட்டுப் போனானுங்க... அப்படித்தான் போவானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிரகம் அட்டையா, பலகையா என்பது பாட்டிக்குப் பிரச்னையே இல்லை. கைத்திறமைக்காக ஒருத்தியைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதும், போன இடத்தில் அவள் ஊர் நினைப்பில் கிடப்பதும் எங்கள் குடும்பத்தில் நடந்த கதை. நான் செட்டைப் பார்த்தேன், பாட்டி கதையைப் பார்த்தது.

யோசித்துப் பார்த்தால், இது நமக்குப் புதுசும் இல்லை. தெருக்கூத்தில் ஒரு மர பெஞ்சைப் போட்டு, அதுதான் சிம்மாசனம் என்றால் சிம்மாசனம். கட்டியங்காரன் 'இது காடு' என்றால் காடு. விடிய விடிய ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. இல்லாததை இட்டு நிரப்புகிற வேலையைப் பார்க்கிறவர்கள் சந்தோஷமாகச் செய்கிறார்கள். காசில்லாத படம் அந்த வேலையில் பாதியை நம்மிடம் தந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த படமோ எல்லாவற்றையும் தானே காட்டிவிடுகிறது. வாய் பிளந்து பார்க்கலாம். ஆனால் நம் பங்கு என்று அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நூல் தெரிகிறது என்றால், நூலைக் கட்டிய கையும் தெரிகிறது என்று அர்த்தம். 'இப்படித்தான் செய்தேன், நீயும் செய்யலாம்' என்று அந்தக் கை சொல்கிறது. பெரிய படம் பார்த்து வெளியே வரும்போது 'எப்படிடா எடுத்தாங்க!' என்று கேட்கிறோம். சின்ன படம் பார்த்தால் 'நாமும் எடுப்போமாடா?' என்று தோன்றுகிறது.

சினிமாவை விடுங்க, நிஜ சயின்ஸுக்கே வருவோம். 'கலை அரசி' வந்த ரெண்டே மாதத்தில், 1963 ஜூனில், சோவியத் நாட்டின் வாலென்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போன முதல் பெண் ஆனார். ஆக, நம்ம பானுமதி சினிமாவில் முந்திக்கொண்டார்! அதே வருஷம் நவம்பர் 21-ல் கேரளாவின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவிடம் வாங்கியது. ஆபீஸ் ஒரு பழைய சர்ச். அந்த ஆரம்ப நாட்களில் ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த டீமில் ஒருத்தர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அந்த போட்டோவும் ஒரு லோ பட்ஜெட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டில் மாதிரிதான் இருக்கிறது. யாராவது சிரித்திருப்பார்கள். இன்றைக்கு யாரும் சிரிப்பதில்லை.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். ஊட்டி பக்கத்தில் முத்தோரைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய ரேடியோ டெலஸ்கோப் அங்கே இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானத்தில் நகர்கிற ஒன்றைப் பின்தொடர இவ்வளவு பெரிய டெலஸ்கோப்பை எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டுமென்றால் செலவு எங்கேயோ போய்விடும். என்ன செய்தார்கள்? அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். இப்போது டெலஸ்கோப்பின் அச்சும் பூமியின் அச்சும் ஒரே திசை. ஒரு அச்சில் சுழற்றினாலே மணிக்கணக்கில் பின்தொடரலாம். மெஷின் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நம்ம நீலகிரி மலை செய்கிறது! நாம் தினம் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிற அதே சரிவு.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். 1967-ல் சத்யஜித் ரே 'தி ஏலியன்' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். வங்காளக் கிராமத்துக் குளத்தில் வந்து இறங்குகிற விண்கலம் பற்றிய கதை. ஹாலிவுட் கம்பெனி, பெரிய பெரிய ஸ்டார்கள் என்று பேச்சு நடந்தது. படம் வரவே இல்லை. ரேயோடு காசிலிங்கத்தை ஒப்பிட நான் யார்? ஆனால் என் பாட்டி கேள்வி கேட்டது, எடுத்து முடித்த படத்தைப் பார்த்துத்தான். 2015-ல் 'இன்று நேற்று நாளை' எடுத்த ஆர்.ரவிக்குமாருக்கு அதுதான் முதல் படம். ஒரு டைம் மெஷின், நல்ல கதை, அளவான செலவு. அவருடைய அடுத்த படம் 'அயலான்', பெரிய செலவு, ஏகப்பட்ட கிராஃபிக்ஸ். அது தியேட்டருக்கு வர 2024 ஆகிவிட்டது. காசு வந்தால் கூடவே காத்திருப்பும் வரும் போல.

அந்தக் காலத்தில் ஃபிலிம் ரோலுக்கே எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். ஒரு டேக் சொதப்பினால் காசு போச்சு. நமக்கு? மெமரி ஃபுல் ஆனால் ரெண்டு மீம் டெலிட் செய்தால் போதும்.

திங்கட்கிழமை அதே கேன்டீனில் பாட்டி கேட்டதைச் சொன்னேன். 'லவ் ஸ்டோரி பண்ணலாம்' என்றவன்தான் முதலில் நிமிர்ந்தான். "அப்ப வேற கிரகத்துக்கு டீ பறிக்கக் கூட்டிட்டுப் போற கதை பண்ணலாமா மச்சி?" என்றான். நான் யோசிக்காத ஐடியா!

இப்போது எங்கள் 2050-ல் வேறொரு கிரகத்தில் தேயிலை போட்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். கட்டபெட்டு ஜங்ஷனில் ஆள் பிடிக்க விண்கலம் வந்து இறங்குகிறது. ஒரு பெண் போகிறாள். திரும்பி வருகிறாளா என்பதுதான் கதை. விண்கலத்தின் உட்புறம்? தெரிந்தவர் ஒருவர் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில், இலையை வாட வைக்கிற நீளமான ஹால். வரிசையாக லைட், பெரிய பெரிய ஃபேன், ராத்திரியில் பார்த்தால் அப்படியே விண்கலம்தான். புகைக்கு மெஷின் வாடகை? தேவையில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மிஸ்ட் தானாகவே வந்து நிற்கிறது, சம்பளமே கேட்காமல்.

போட்டியில் ஜெயிப்போமா தெரியாது. படத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ஊரின் 2050-ஐ ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். காரைக்குடியோ, கம்பமோ, கல்முனையோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. செட்டுக்கு என்ன செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் விண்கலத்துக்கு நேற்றுதான் சில்வர் பெயிண்ட் அடித்தோம். இந்த மழையில் அது இன்னும் காயவில்லை. ஷூட்டிங் ஞாயிற்றுக்கிழமை.