தூரம் அளக்கவா, பக்கத்தில் பார்க்கவா?

ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் வரவே முடியல. ஆனா சும்மா இல்ல, ஒரு மாசமா ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பெரிய ஆராய்ச்சி. லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், அதை உள்ளேயே பொருத்தின பைனாகுலர், ஒண்ணுமே பொருத்தாத சாதா பைனாகுலர்... இந்த மூணுல எது வாங்குறது?

ஆரம்பிச்சு வச்சது டெக்ஸாஸ்ல இருக்கிற காலேஜ் நண்பன். லைசென்ஸ் எடுத்து சீசனுக்கு மான் வேட்டைக்குப் போறவன். "ஊருக்கு வரேன் மச்சி, என்ன வேணும்?"னு கேட்டான். பைனாகுலர்னு சொன்னேன். "சும்மா பைனாகுலர் எதுக்குடா? ரேஞ்ச்ஃபைண்டர் வச்சதா வாங்கு. பார்க்கிறது எத்தனை மீட்டர்ல நிக்குதுன்னு அதுவே சொல்லிடும்"னான். இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட இப்படிச் சொன்னா தூக்கம் வருமா?

முதல்ல ஒரு விஷயம். நம்மூர்ல வேட்டைங்கிற பேச்சுக்கே இடமில்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குப் பூட்டு போட்டுடுச்சு. சுடறது மட்டும் வேட்டை இல்ல. கண்ணி வைக்கிறது, விஷம் வைக்கிறது, பறவையோட கூட்டையும் முட்டையையும் கலைக்கிறது, எல்லாமே அந்தச் சட்டப்படி வேட்டைதான். அதனால நான் பார்க்கப் போறது பள்ளிக்கரணையில பூநாரையும் நீலத்தாழைக்கோழியும். சுடறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம். ரேஞ்ச்ஃபைண்டர் செய்யற வேலை ரொம்ப சிம்பிள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பை அனுப்புது, பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்க்குது, ஒளியின் வேகத்தால பெருக்கி ரெண்டால வகுக்குது. ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப 6.67 நானோ செகண்ட். 300 மீட்டருக்கு 2 மைக்ரோ செகண்ட். நாம எழுதற கோடு ஒரு டேட்டாபேஸைத் தொட்டுட்டு வர எடுக்கிற நேரத்தை நினைச்சா வெட்கமா இருக்கு :-)

பெட்டி மேல போட்டிருக்கிற நம்பரை மட்டும் அப்படியே நம்பாதீங்க. "1000 கஜம்"னு போட்டிருந்தா பளபளப்பான போர்டுக்கு 1000 கஜம்னு அர்த்தம். மரத்துக்கு அதைவிடக் கம்மி, மான் தோலுக்கு இன்னும் கம்மி. பாதி கிடைச்சாலே சந்தோஷப்படணும்னு நண்பன் சொன்னான். அடுத்து, கோல்ஃப் ஆடறவங்களுக்கான கருவியும் வேட்டைக்கான கருவியும் வேற வேற. கோல்ஃப் கருவி முன்னால இருக்கிற பொருளைப் பிடிக்கும், ஏன்னா அதுக்குக் கொடிக்கம்பம்தான் வேணும், பின்னால இருக்கிற மரம் வேண்டாம். வேட்டைக் கருவி முன்னால இருக்கிற புல்லையும் கிளையையும் தள்ளிட்டுப் பின்னால நிக்கிற மிருகத்தைப் பிடிக்கும். கோரையும் சம்புமா நிக்கிற பள்ளிக்கரணையில கோல்ஃப் கருவியை நீட்டினா கோரையோட தூரம்தான் கிடைக்கும்.

இன்னொண்ணு, சரிவுக் கணக்கு. மலை மேல நின்னு 30 டிகிரி கீழ பார்க்கிறீங்க, கருவி 100 மீட்டர் காட்டுது. குண்டோட பாதையைப் பொறுத்தவரை படுக்கைத் தூரம் 87 மீட்டர்தான். அதே பத்தாம் கிளாஸ் கொசைன். நல்ல கருவிகள் இதைத் தானே போட்டுக் காட்டிடும். சமதரையான சதுப்பு நிலத்துல இதுக்கு வேலையே இல்ல.

தூரம் அளக்கிறதுன்னதும் ஒரு ஆள் ஞாபகம் வருது. நான் தினமும் தாம்பரத்துல இருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியா சோழிங்கநல்லூர் போறவன். 1802 ஏப்ரல் வெயில்ல வில்லியம் லாம்டன் இந்தப் பக்கம்தான் 100 அடி எஃகுச் சங்கிலியை வச்சு அளந்துகிட்டு இருந்தார். பரங்கிமலைப் பக்கம் ஒரு முனை, பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் இன்னொரு முனை. ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். இந்தியாவையே அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் முதல் அடிக்கோடு. வெயில்ல சங்கிலி நீளும்னு அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. இன்னைக்கு அதே பகுதியில டிராஃபிக்ல நிக்கும்போது 12 கிலோமீட்டர்ங்கிறது ரொம்பப் பெரிய தூரமாத்தான் தெரியுது!

வேட்டைக்காரங்க கையில இருக்கிற இந்தக் கருவி நம்ம காடுகள்ல நேர் எதிரான வேலை பார்க்குதுங்கிறது எனக்குப் புது விஷயம். புலிகள் காப்பகங்கள்ல மான், காட்டெருது எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்க நேர்கோட்டுப் பாதையில நடந்து போறாங்க. ஒரு கூட்டம் கண்ணுல பட்டா திசைகாட்டியில கோணம், ரேஞ்ச்ஃபைண்டர்ல தூரம், ரெண்டையும் குறிச்சுக்கிறாங்க. தூரம் கூடக்கூட கண்ணுல படறது குறையும் இல்லையா, அந்தக் குறையற விகிதத்தை வச்சு கண்ணுல படாததையும் சேர்த்து மதிப்பிடுறாங்க. இதைப் படிச்சப்ப வாங்கியே தீரணும்னு தோணிச்சு.

இங்கதான் அப்பா வர்றார்.

ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு வருஷம் முன்னால க்ளாக்கோமான்னு தெரிஞ்சது. கண்ணுல அழுத்தம் ஏறி, ஓரத்துல இருந்து பார்வை மெல்ல மெல்லக் குறையற நோய். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்த தினமும் சொட்டு மருந்து விடணும்னு டாக்டர் சொல்லிட்டார். பைனாகுலர் வாங்கற எண்ணம் வந்ததே அவருக்காகத்தான். "நம்ம ஊருக்கு இவ்வளவு பக்கத்துல பூநாரை வருதாமே, நான் பார்த்ததே இல்லயே"ன்னு ஒரு நாள் பேப்பரைப் பார்த்துட்டுச் சொன்னார்.

தாத்தா ஊர் மதுராந்தகம் பக்கம். லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்தவர். ஏரியில மடையான் சுட்டுக் கொண்டு வருவாராம். அவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் அவர் கண்ணுதான். "கொக்கோட கண்ணு தெரிஞ்சா சுடலாம், தலை மட்டும் தெரிஞ்சா இன்னும் நடக்கணும்"னு சொல்வாராம். ஆனா வேடந்தாங்கல் பக்கம் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போகவே மாட்டாராம். பேர்லயே வேடன் இருக்கிற ஊர், ஆனா பறவைகளுக்கு அடைக்கலம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்க சுட்டப்ப ஊர்க்காரங்க எதிர்த்து நின்னு, 1798-ல செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட பாதுகாப்பு வாங்கினாங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். தாத்தாவோட கணக்கு எங்க நிக்கணும்னும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்பாவை நடுவுல வச்சுப் பார்த்தா தேர்வு ரொம்பச் சுலபமாயிடுச்சு. ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர் சாதாவைவிடக் கனம். விலையோ பல மடங்கு. அந்தக் காசுக்குக் கிடைக்கிற நம்பர் அவருக்கு எதுக்கு? மீதி இருந்தது சாதா பைனாகுலர் கணக்கு. உங்களுக்கும் உதவலாம்:

1. 8×42-ல 8ங்கிறது எத்தனை மடங்கு பக்கத்துல தெரியும்ங்கிறது. 42 முன் லென்ஸோட விட்டம், மி.மீ.யில. 10 மடங்கு எடுத்தா கை நடுக்கமும் 10 மடங்கு, பார்வைப் பரப்பும் சுருங்கும். ஏற்கெனவே சுருங்கின கண்ணுக்கு அது வேண்டாம்.

2. 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25 மி.மீ. கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அளவு அது. பகல்ல கண்மணி 2, 3 மி.மீ.தான் திறக்கும். அப்ப மிச்சம் வீணான்னா இல்ல. கை கொஞ்சம் ஆடினாலும் படம் கறுத்துப் போகாது.

3. கண்ணாடி போட்டவங்க கண் இடைவெளி எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. 16 மி.மீ.க்குக் குறைஞ்சா ஓரம் வெட்டுப்படும்.

4. நம்ம ஊர்க் காத்துல ஈரம் ஜாஸ்தி, லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். நைட்ரஜன் நிரப்பி மூடினதா வாங்கி, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க.

5. சிவப்பா மினுக்கிற லென்ஸ், 1000 மடங்குன்னு எழுதின பெட்டி... ஓடிடுங்க.

நண்பன் 8×42 கொண்டு வந்தான். "வேஸ்ட்டுடா நீ"ன்னு திட்டிட்டுத்தான் கொடுத்தான். போன ஞாயிறு காலையில அப்பாவோட பள்ளிக்கரணை. கழுத்துல மாட்டி, ரெண்டு குழாயையும் அவர் கண் அகலத்துக்குச் சரி பண்ணி, திசை காட்டினேன். ஓரப் பார்வை கம்மியா, பறவை இருக்கிற இடத்தைப் பிடிக்கவே நேரமாச்சு. முதல்ல ஒரு கரண்ட் கம்பம், அப்புறம் கோரை, அப்புறம் ஒரு நாமக்கோழி. பொறுமையா நகர்த்தினார். திடீர்னு கை நின்னுடுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல.

"கால் இவ்வளவு ரோஸா இருக்குமாடா?"

எத்தனை மீட்டர்ல நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு அதோட கண்ணு தெரிஞ்சதாம். அதையும் அவரேதான் சொன்னார்.

டிஸ்கி: வேளச்சேரி - தாம்பரம் ரோட்டுல வண்டியை ஓரங்கட்டிட்டு நடுரோட்டுல நின்னு பார்க்காதீங்க, பஸ்காரங்களுக்குப் பூநாரை தெரியாது. காலையில சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா கானல் ஆடி எவ்வளவு நல்ல லென்ஸும் மங்கிடும். யாராவது கிளம்பறதா இருந்தா சொல்லுங்க, ஒரு பைனாகுலர் இருக்கு. அப்பா கொடுத்தாதான் உண்டு!