விதானத்தில் வாத்து, கண்மாயில் நாமக்கோழி

காணும் பொங்கலன்று விடிவதற்குள் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் கூடிவிட்டோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு டீச்சர், கல்லூரி மாணவிகள் இருவர், வேன் ஓட்டுநர், நான். டீ 15 ரூபாய். டீச்சர் எவர்சில்வர் டப்பாவில் முந்தின நாள் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்திருந்தார். கரண்டி இல்லை, ஆளுக்கொரு உருண்டை.

ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் குழுவே அதற்குச் சாட்சி.

முதலில் ஊரை ஒட்டிய கவிநாடு கண்மாய். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கரையில் ஏறியதும் சேற்று வாடையும் ஈரக்காற்றும் சேர்ந்து அடித்தன. நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள் கருப்பாகக் கூட்டம் போட்டிருந்தன. பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை நாமம் பளிச்சென்றது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது பத்தடி தள்ளி எழுந்தது. "எங்க ஊர்ல கடன் வாங்கினவன் இப்படித்தான்" என்றார் தபால்காரர். சைக்கிளில் கடிதம் கொண்டுபோன காலத்தில் சத்தத்தை வைத்தே பறவைகளைப் பழகியவர். அவர் சொல்லும் கதை எந்தக் கிராமத்தில் தொடங்கினாலும் நாய் துரத்துவதில் முடியும்.

தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர், "நேத்து பூநாரை வந்துச்சு, ரோஸ் கலர்ல" என்றார். விடவில்லை. கரையோரமாகவே நடந்து பார்த்தேன். உண்ணிக்கொக்கு இருந்தது, நத்தைகுத்தி நாரைகள் இருந்தன, ஆட்காட்டி ஒன்று எங்களைத் திட்டிக்கொண்டே பறந்தது. ரோஸ் நிறத்தில் இருந்தது மாணவியின் துப்பட்டா மட்டும்தான். "எழுதட்டுமா?" என்று கேட்டாள். "கண்ணால பார்த்தியாம்மா?" என்றார் டீச்சர். பூநாரை பட்டியலில் ஏறவில்லை.

அங்கிருந்து அன்னவாசல் சாலை. அடுத்த இடம் சித்தன்னவாசல் குன்று, புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். வழியெல்லாம் ஓட்டுநர் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் பார்த்த காளைகளின் பெருமையைப் பேசினார். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் வாடிவாசல் சமீப வருடங்களில் அங்கேதான் திறக்கிறது. காளை பிடிபட்டதா இல்லையா என்கிற கட்டத்தில் திடீரென வேனை ஓரம் கட்டி, "கம்பில நீலமா ஒண்ணு" என்றார். பனங்காடை. பைனாகுலர் வைத்திருந்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பறந்தபோது சிறகில் அடர்நீலமும் வெளிர்நீலமும் மாறி மாறி மின்னின. காளையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

குன்றடியில் அதற்குள் காணும் பொங்கல் கூட்டம். கட்டுச்சோற்று மூட்டைகள், பலூன், ஐஸ் வண்டி மணி. நுழைவுச்சீட்டு 25 ரூபாய். பாறைச் சரிவில் கருஞ்சிட்டு ஒன்று வாலைத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தது, இத்தனை கூச்சலுக்கும் அசரவில்லை.

அறிவர் கோயில் சின்னக் குடைவரை. ஏழெட்டுப் பேர் நின்றால் நெருக்கம். வெயிலிலிருந்து உள்ளே போனதும் சற்று நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு தலைக்கு மேல் பச்சை துலங்கியது. விதானத்தில் தீட்டிய தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆள், பறவைகள். கோயிலை 1916இல் வெளியுலகுக்குச் சொன்னவர் உள்ளூர் வரலாற்றாசிரியர் ராதாகிருஷ்ண ஐயர். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக வெளியே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், 9ஆம் நூற்றாண்டு.

"அன்னப்பறவை" என்று கை காட்டினார் காவலர்.

"அன்னமெல்லாம் இல்லீங்க, நம்ம வாத்துதான்" என்றார் தபால்காரர். டீச்சர் வரித்தலை வாத்து என்றார். இடம் மாறி மாறி நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். சில இடங்களில் பூச்சு உதிர்ந்து வெறும் கல் தெரிகிறது. மிச்சமிருப்பதில் பருத்த உடம்பும் சிறகின் வளைவும் தெளிவு. சத்தியம் செய்யச் சொன்னால் வாத்துப் பக்கம்தான் கை தூக்குவேன். வரைந்தவன் ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான், அதில் மட்டும் சந்தேகமில்லை.

"பட்டியல்ல சேர்க்கலாமா?" என்றாள் ஒரு மாணவி.

"தேதி என்னன்னு போடுவே?" என்றாள் மற்றவள். காவலரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு கருவறைக்குள் போய் முழங்கித் திரும்பியது. அங்கே நின்று மெதுவாக ரீங்கரித்தாலே சுவரெல்லாம் அதிரும்.

கீழே வந்து வேப்பமர நிழலில் டீச்சரின் புளிச்சோறு, தபால்காரரின் முறுக்கு. மாணவிகள் பட்டியலை உரக்க வாசித்தார்கள். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர், கையைக் கழுவிவிட்டு வந்து, "காக்கா எங்க?" என்றார்.

விடியற்காலை டீக்கடையிலிருந்து கூடவே வந்த காக்காயை யாருமே எழுதியிருக்கவில்லை.

"எத்தனைன்னு போடறதுண்ணே?"

"இப்பவே எட்டு நிக்குது பாப்பா. சோத்து டப்பாவை மூடு, அப்பறம் எண்ணு."