சிறுகோளும் பாலாறும்



சுரங்கங்களைப் பற்றிய ஃபிக்ஹ் பாடத்தில் யமன் நாட்டின் மாரிப் உப்பு நிலத்தைப் பற்றிய செய்தியை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் அந்நிலத்தைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது என்று ஒருவர் எடுத்துரைத்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அனைவரும் எளிதில் எடுத்துப் பயன்பெறும் பொதுச் செல்வம் ஒருவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்பதே அதில் நாம் பெறும் படிப்பினை.

அண்மையில் ஒரு மாணவர், “ஹஸ்ரத், வானத்திலுள்ள சுரங்கம் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டார். பொருத்தமான கேள்விதான். உலோகம் மிகுந்ததாகக் கருதப்படும் ‘சைக்கி’ என்னும் சிறுகோளை ஆராய 2023 அக்டோபரில் நாசா ஒரு விண்கலத்தை அனுப்பியுள்ளது. விண்பொருள்களை எந்நாடும் உரிமை கொண்டாடலாகாது என்கிறது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். ஆனால், அங்கிருந்து தோண்டி எடுப்பது எடுத்தவருக்கே என்கிறது 2015இல் அமெரிக்கா இயற்றிய சட்டம்.

பூமியில் சுரங்கங்கள் குறையும், காடும் ஆறும் பிழைக்கும் என்பது இத்திட்டத்தை ஆதரிப்போரின் வாதம். அதில் நியாயம் உண்டு. எனினும், ஏவூர்திகள் உமிழும் கரித்துகள் மேல்வளிமண்டலத்தில் நெடுநாள் தங்கும். விலையின் நிலை என்ன? 1324இல் ஹஜ்ஜுக்குச் சென்ற மாலி மன்னர் மன்ஸா மூஸா கெய்ரோவில் அள்ளி வழங்கிய தங்கத்தால் அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது. விண்ணிலிருந்து பிளாட்டினம் வந்து குவிந்தால், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் அடுப்பு அணையக்கூடும்.

வேலூர், ஆம்பூர் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நாம் பதனிட்ட தோல் கடல் கடந்து சென்றது. உப்பும் குரோமியமும் பாலாற்றங்கரையில் தங்கின. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வை, 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. முன்னெச்சரிக்கை வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நாட்டின் சட்டமாயின. ஆயினும், 2025 ஜனவரியில் இழப்பீட்டுக்காகவும் ஆற்றின் சீரமைப்புக்காகவும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலை நான் பழிக்கவில்லை. என் மாணவர் பலரின் உணவு அதிலிருந்தே வருகிறது. மதரஸாக்களுக்கு வரும் ஸதகாவிலும் அதன் பங்குண்டு. அதனாலேயே சொல்கிறேன்: இலாபம் எவருக்கு, எச்சம் எவர் வாசலில் என்ற கணக்கைத் தோண்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். கிணறு உப்பான பின் எழுதும் கணக்கு, கிணற்றை இனிதாக்குவதில்லை.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.