மகா எலியவில் ஓர் இரவு



ஹட்டனைத் தாண்டிப் பதுளைக்குப் போகும் ரயில் தலவாக்கலை, நானுஓயா என்று ஏறிக்கொண்டே போய்ப் பட்டிப்பொலயில் நிற்கிறது. அந்த நிலையத்தின் உயரம் ஏறத்தாழ 1,890 மீட்டர். இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் கிடையாது. தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் அம்பேவலப் பால்பண்ணையும் இதற்குள் பின்னால் போயிருக்கும். இங்கிருந்து வான் வண்டியில் மலைப்பாதை ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. 1830களில் இலங்கையை ஆண்ட ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள். அதற்கு முன்பிருந்தே சிங்கள மக்களுக்கு இது மகா எலிய.

வாசலிலேயே பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீன் பை, பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றிய மெல்லிய தாள் என்று ஒன்றையும் விடுவதில்லை. இந்தக் கெடுபிடி தேவையானதுதான். பயணிகள் வீசிய பொலித்தீனைத் தின்று இங்கே மரைகள் செத்திருக்கின்றன.

மலையகத்திலிருந்து வருகிறவர் மேலே வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சுற்றிலும் அத்தனை மலையும் தேயிலையாகிவிட்டபோது இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பியது? 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று காலனி அரசுக்கு ஆலோசனை சொன்னார். நுவரெலியாவைச் சுற்றி அதற்கு மேலும் தேயிலை ஏறியது உண்மை. ஆனால் மகா எலியவின் காடு நின்றது. 1969இல் காப்பிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. இடையில் 1960களில் இதே பத்தனைப் புல்வெளிகளை உழுது உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்த காலமும் உண்டு. அந்த நிலத்தில் பழைய புல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

பெரும்பாலானவர்கள் விடியற்காலையில் வந்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். மகா எலியவை அறிய அது போதாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டிப் பதிவு செய்தால் கூடாரம் போட இடம் கிடைக்கும். கினிஹிரிய, மகா எலிய என்ற பெயர்களில் தங்கும் விடுதிகளும் உள்ளே இருக்கின்றன.

மாலையில் கடைசி வான் போன பிறகு மரைகள் காட்டோரத்திலிருந்து பத்தனைக்கு வருகின்றன. ஒன்று, நாலு, பிறகு கூட்டமாக. தலையைக் குனிந்து மேய்கின்றன. அடிக்கடி நிமிர்ந்து காட்டைப் பார்க்கின்றன. பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: இந்தச் சமவெளியில் சிறுத்தை உண்டு, அதற்கு முக்கிய இரையே மரைதான். ஒரு காலத்தில் இங்கே யானைகளும் திரிந்தன. வெள்ளைக்காரர்களின் துப்பாக்கி அவற்றை ஒன்றுவிடாமல் முடித்தது.

இருட்டியதும் குளிர் கம்பளிக்குள் நுழைகிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் அப்போது தரும் சுகம் தனி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் புல்மேல் உறைபனி படியும். தவளைகளின் குரல் நிற்பதே இல்லை. எங்கோ ஒரு மரை அபாயக் குரல் கொடுத்தால் பேச்சு அடங்கிப்போகும்.

அந்த இருட்டுக்குள் ஓர் அபூர்வமும் உட்கார்ந்திருக்கிறது. இந்த மலைக்காட்டுக்கே உரிய தேவாங்கு அழிந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள். 2009இல் இலங்கை ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் சேர்ந்து தேடியபோது, கையடக்கமான அந்தச் சின்னஞ்சிறு உயிர் முதல்முறையாகப் படத்தில் சிக்கியது. ஓர் இரவு தங்குகிறவர் கண்ணில் அது படுவது அரிது. அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் காட்டோரத்தில் படுத்திருப்பதே பெரிய காரியம்.

தங்கியவர்களுக்கு ஒரு லாபம், விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடலாம். உலக முடிவு என்னும் மலைவிளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். உலக முடிவில் நிலம் ஒரே வெட்டாக 870 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. கீழே நன்பேரியல் தோட்டத்தின் தேயிலை மலைகள் தெரிகின்றன. வானம் தெளிந்தால் தெற்குக் கடலும் தெரியும். ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி. உயரம் 20 மீட்டர்தான். தலவாக்கலைப் பக்கத்து டெவன் நீர்வீழ்ச்சியோடு உயரத்தில் போட்டி போடாது. ஆனால் பாறைமேல் விசிறியாக விரிந்து இறங்கும் அழகில் இதற்கு இணையாக மலையகத்தில் வேறொன்றைச் சொல்வது கடினம். பெயருக்கு உரியவர் சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறி, நாய்களை ஏவி மரை வேட்டையாடியவர். பிறகு ஆப்பிரிக்கா போய் அல்பேர்ட் ஏரியைக் கண்டதாகப் புகழ்பெற்றார். நீர்வீழ்ச்சியில் குளிக்கக் கூடாது. பாறை வழுக்கும், கீழே நீர் ஆழம்.

விழும் அந்தத் தண்ணீர் பெலிஹுல் ஓயா. அது வளவை கங்கையில் சேர்ந்து தெற்கே வயலுக்குப் போகிறது. அக்ர ஓயா இதே உச்சியில் பிறந்து கொத்மலை ஓயா வழியாக மகாவலியாகித் திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. கொழும்பின் குடிநீருக்கு ஆதாரமான களனியின் ஊற்றுகளும் இந்த மலைகளில்தான். மழை இல்லாத நாளிலும் இந்தக் காடு தண்ணீர் தரும். கூனிக் குறுகிய கீன மரங்களின் இலையும் கிளையெல்லாம் தொங்கும் பாசியும் மூடுபனியைச் சீப்பு போலச் சீவிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. கறுத்த மண் அதைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. லயத்துப் பீலியில் விழும் தண்ணீருக்கும், கொழுந்துக்கு வேண்டிய ஈரத்துக்கும், 2012இல் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் நிலையத்துக்கும் இத்தகைய உச்சிக் காடுகளே முதல்.

அந்தக் காடு நலமாக இல்லை. மரங்கள் நின்றபடியே காய்ந்து வெளுத்துப்போவதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள். மண், வறட்சி, காற்று மாசு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்புதர் பத்தனையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆனாலும் குறிஞ்சியின் உறவான நெலு 2013இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து 2025இலும் பூத்தது.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றதும் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஒரு முறை இங்கே கூட்டி வாருங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்க வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். ஸ்வெட்டரும் தொப்பியும் அவசியம், சாப்பாட்டை வாழை இலையில் கட்டுங்கள், மரைக்கு எதுவும் கொடுக்க விடாதீர்கள். தங்கள் பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.