சின்னத்திரையில் ஒரு பள்ளிவாசல்

மேனாட்டுத் தொலைக்காட்சியில் முஸ்லிம் ஒருவர் தோன்றினால், பெரும்பாலும் அவர் கொடியவராய் இருப்பார்; அன்றேல் தாம் நல்லவர் என்று மெய்ப்பிப்பதற்காகவே உயிரை விடுவார். கடைக்குப் போகிற, மகளோடு வாதிடுகிற, தொழுகைக்குத் தாமதமாய் ஓடி வருகிற முஸ்லிமைக் காண நாம் நெடுங்காலம் காத்திருந்தோம். கனடாவின் சி.பி.சி. நிறுவனம் 2007 ஜனவரி முதல் 2012 வரை ஒளிபரப்பிய 'லிட்டில் மாஸ்க் ஆன் தி பிரெய்ரி' என்னும் நகைச்சுவைத் தொடரின் குறுந்தட்டுகளை உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தபோதுதான் அத்தகையோரைக் கண்டோம்.

தொடரைப் படைத்தவர் சர்க்கா நவாஸ் என்னும் முஸ்லிம் பெண்மணி. சஸ்காச்சுவான் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட மெர்சி என்னும் சிற்றூரில் கதை நிகழ்கிறது. ஆங்கிலிக்கன் தேவாலயத்தைச் சேர்ந்த கூடம் ஒன்று அங்கே பள்ளிவாசலாகிறது. வாடகைக்கு எடுத்த யாசிர், லெபனானிலிருந்து வந்த கட்டட ஒப்பந்தக்காரர். தம் தொழிலுக்கான அலுவலகம் என்று சொல்லியே எடுக்கிறார்! பொய்யில் தொடங்கும் பள்ளிவாசலா என்று முதலில் முகம் சுளித்தோம். பின்னர் நம்மூர்ப் பெரியவர் சிலரை நினைத்துச் சிரித்துவிட்டோம்.

யாசிரின் மனைவி சாரா, கிறித்தவராய்ப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். தொழுகையில் சற்றே சோம்பல். மகள் ரய்யானோ முக்காடு அணியும் டாக்டர். பெற்றோரைவிட மார்க்கப்பற்று மிகுந்தவள். அந்த மார்க்கத்தைக் காட்டியே பெண்களுக்குரிய இடத்தைக் கேட்பவள். முக்காட்டைக் கண்டதும் அடங்கியவள் என்று அயலார் கணக்கிடுவது உண்டு. நாமும் அப்படித்தான் கணக்கிடுகிறோம்; நாம் அதைப் பாராட்டாகச் சொல்கிறோம், அவ்வளவே.

பள்ளிவாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தடுப்பு வேண்டும் என்று பாபர் வற்புறுத்துகிறார், ரய்யான் எதிர்க்கிறாள். டொராண்டோவில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவந்த இளம் இமாம் அமார் நடுவில் தவிக்கிறார். இது நகைப்புக்காகப் புனைந்த சண்டையன்று. இதே பொருளில் நவாஸ் 2005ஆம் ஆண்டிலேயே 'மீ அண்ட் தி மாஸ்க்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

குறையும் உண்டு. பேணுதலை வலியுறுத்தும் பாபரே பெரும்பாலும் கேலிக்கு ஆளாகிறார். அவருடைய அச்சத்துக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்பதை இன்னும் பொறுமையாகக் காட்டியிருக்கலாம்.

தடுப்புக் காட்சி முடிந்ததும் நம் மகள், அருகிலிருந்த தன் உம்மம்மாவிடம், "நம்ம பள்ளியிலும் இப்படித் தடுப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அறுபது வருசமா பாங்குச் சத்தம்தான் கேக்குறேன். உள்ளே எப்படி இருக்கும்னு உங்க வாப்பாகிட்ட கேளு" என்றார் அவர்.

மகள் நம் பக்கம் திரும்பினாள். அடுத்த பகுதியைப் போடச் சொல்லிவிட்டோம். அவள் போடவில்லை; கேள்வியோடு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.