ஹெரால்டின் பிரதிபேதங்கள்

மரபை மீட்கிறவர்களைப் பற்றி இதே பக்கங்களில் இரண்டு மூன்று தடவை கடுமையாகவே எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்குவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஆறு மாதமாக என் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு மரபு நின்றுகொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

1964ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, 948 ஸி.ஸி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் திருச்சியைச் சுற்றி அலைந்த அப்பா 1981இல் ஒரு டாக்டரிடமிருந்து எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார். அப்படி இல்லை என்பது எனக்குப் பத்தாவது படிக்கும்போதே தெரியும். அம்பாஸடரும் ஃபியட்டும் ஓடிய ரோட்டில் இரண்டு கதவு இருந்தாலே ஸ்போர்ட்ஸ்தான். ஆனாலும் அது முழுப் பொய்யும் அல்ல. இந்தச் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற நிஜமான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கேலொட்டி என்ற ஒரே இத்தாலியர். ஸ்பிட்ஃபயருக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்ட ஓர் அண்ணன் என்று ஹெரால்டை வைத்துக்கொள்ளலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் சந்தில் அப்பா ஒற்றைக் கையால் அதைத் திருப்பிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார்.

2019இல் அப்பா போனார். வண்டி நின்றுவிட்டது.

மனைவி கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. மழையில் ஒழுகாத ஒரு வண்டி, பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டு வரும்படி. ஊழியர்களுக்கான வாகனக் கடனில் வட்டி குறைவு. மற்றவர்களுக்கு அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பதே என் வேலை. பிணையத்தின் மதிப்பு என்ற கட்டத்தில் ஹெரால்டுக்கு என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். பழைய இரும்பு, எடை போட்டு.

இன்னொரு பக்கம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். இந்த மாதிரி வண்டிகள் நாலைந்து வைத்திருப்பவர். விற்காதீர்கள், மீட்டெடுங்கள் என்றார். 1964இல் ஆலையை விட்டு வந்த மாதிரியே ஆக்கிவிடலாம், வின்டேஜ் என்று பதிவும் செய்துகொள்ளலாம். 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தைத்தான் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டது, மூல உருவத்தில் பராமரிக்கப்பட்டது, சேஸிஸிலும் உடம்பிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாதது என்றால் அதற்கு 20,000 ரூபாய் கட்டி அந்த அந்தஸ்தைப் பெறலாம். பெற்ற பிறகு கண்காட்சிக்கும் பழைய கார்களின் ஊர்வலத்துக்கும் ஓட்டிப் போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினப்படிக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. செவ்வியல் என்று ஒன்றை அறிவித்தால் அதில் காய்கறி வாங்கப் போகக் கூடாது என்பதை நம் விமர்சகர்கள் எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மூல உருவம் என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஹெரால்டின் உடம்பு ஒரே முழுதாகச் செய்தது அல்ல. ஐம்பதுகளின் கடைசியில் கம்பெனிக்கு முழு உடம்பை அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. துண்டு துண்டாக அடித்துத் தனிச் சேஸிஸின்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி மதராஸில் சேர்ப்பதற்கு அது தோதாகப் போயிற்று. இத்தாலியன் வரைந்து, கவென்ட்ரியில் பிறந்து, இங்கே முடுக்கியது. இதில் மூலம் எது? அதன்பின் அப்பாவின் முப்பத்தெட்டு வருஷம் வேறு. அம்பாஸடரிலிருந்து கார்புரேட்டர், மாருதியிலிருந்து ஆல்டர்னேட்டர், பத்மினியிலிருந்து வைப்பர் மோட்டார். கியர் குமிழ் அவரே கொய்யாக் கட்டையில் செதுக்கியது. முதல் கியர் எங்கே என்று பேனாக் கத்தியால் கீறிவைத்திருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர் இவற்றையெல்லாம் பிழைகள் என்றார். உ.வே.சா. பிரதிபேதங்களைத் தூக்கி எறியவில்லை; அடிக்குறிப்பில் வைத்தார். காருக்கு அடிக்குறிப்பு கிடையாது.

பாலக்கரையில் பாயின் ஷெட்டுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு அவர்தான் மெக்கானிக். எழுபது வயது இருக்கும். குழியில் இறங்கி விளக்கைப் பிடித்தவர், ‘தம்பி, இங்க வந்து பாருங்க’ என்றார்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் தரை ஓட்டையாகியிருக்கிறது. அதை அப்பா ஒரு தகரம் வைத்து அடைத்திருக்கிறார். கம்பெனியின் விளம்பரப் பலகையிலிருந்து வெட்டியது. மஞ்சளில் சிவப்பு எழுத்து. கீழே நின்று அண்ணாந்தால், தாரும் சேறும் படிந்தது போக, ‘இருமலுக்கு’ என்று வாசிக்க முடிகிறது. அதற்குப் பிறகு வரவேண்டிய மருந்தின் பெயர் மடிப்புக்குள் போய்விட்டது. முப்பது வருஷம் எல்லாருடைய இருமலையும் பற்றிப் பேசிப் பிழைத்தவர், கடைசி இரண்டு வருஷம் இருமிக்கொண்டே இருந்தார். இதற்கு நான் எந்த அர்த்தமும் கற்பிக்கப் போவதில்லை. தகரம் கைக்குக் கிடைத்தது, வெட்டிவைத்தார்.

பாய் கணக்குச் சொன்னார். முழுசாகச் செய்வதென்றால் உடம்பைக் கழற்றி, சேஸிஸில் மணல் பீய்ச்சி வெள்ளையாக்கி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க நாலரை லட்சம். மணல் பீய்ச்சுவது என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருப்பணி என்ற பெயரில் நம் கோயில் சுவர்களிலும் தூண்களிலும் இதையேதான் செய்தார்கள். அழுக்கோடு கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின. 1849லேயே ரஸ்கின், பழங்கட்டடம் ஒன்றைப் புதுப்பிப்பது அதை இடிப்பதைவிட மோசம் என்கிற அளவுக்கு வாதாடியிருக்கிறார். பி.ஏ.வில் அதைப் படித்துப் பரவசப்பட்டவன் நான். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்து, இவ்வளவையும் பாயிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

‘கல்லு துருப்பிடிக்காது தம்பி’ என்றார்.

பிறகு குழிக்குக் கூட்டிக்கொண்டு போய், தகரத்தின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது தகரத்தைத் தாண்டிச் சேஸிஸின் பக்கவாட்டுக் கைக்குள் பிடிவரை போயிற்று. வெளியே இழுத்தபோது பழுப்பாகத் தூள் கொட்டியது. மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் தகரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது. ‘அடைக்காம விட்டிருந்தா தண்ணி போயிருக்கும். நான் அப்பவே சொன்னேன். கேக்கல.’

ரஸ்கினிடம் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடினேன். காலத்தின் கறையை மதிக்கச் சொன்னவர் கல்லையும் சுண்ணாம்பையும் பார்த்துச் சொன்னவர். இரும்பில் கறை நிற்பதில்லை, தின்கிறது. எனக்கு வேண்டிய சாட்சியமும் வண்டியைக் கொல்கிற நோயும் ஒரே தகரம். அதை வைத்துக்கொண்டால் ஐந்து வருஷத்தில் வண்டி இராது. எடுத்துவிட்டால் வண்டி இருக்கும். அது யாருடைய வண்டி என்பதில் ஒரு வரி குறையும். நான் எழுதிய கட்டுரைகளில் இப்படி ஓர் இக்கட்டு வந்ததில்லை. அங்கே மீட்பவர்கள் எல்லாரும் முட்டாள்களாக இருந்தார்கள், எனக்குச் சௌகரியமாக.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன். அம்மாவைக் கேட்டேன். ‘ஓடுறதுன்னா வெச்சுக்கோ. நிக்கிறதுன்னா எனக்குப் பாக்கப் பிடிக்கல’ என்றாள். கோயம்புத்தூர்க்காரருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பாயிடம், சேஸிஸில் செத்த பாகத்தை மட்டும் வெட்டிப் புது இரும்பு வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். மணல் வேண்டாம், கம்பி பிரஷ் போதும். பெயின்ட் வேண்டாம். மாருதி ஆல்டர்னேட்டரும் கொய்யாக் கட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வின்டேஜ் பதிவுக்கு இது லாயக்காகாது. அதனால் காய்கறிக்குப் போகலாம். எழுபதாயிரத்துக்குள் முடியும் என்றார். வாகனக் கடன் படிவத்தையும் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். மனைவி சொன்ன வண்டி, வெள்ளை நிறம். இரண்டுக்கும் பணம் எங்கே என்று அவள் கேட்டாள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தகரத்தை வெட்டி எடுத்த அன்று சாயங்காலம் பாங்க்கிலிருந்து நேரே ஷெட்டுக்குப் போனேன். ‘இருமலு’ வரை ஒரு துண்டாக வந்திருக்கிறது, மிச்சம் கையில் நிற்கவில்லை. துண்டு எங்கே என்று கேட்டேன். பாய் பக்கத்திலிருந்த ஆல்டோவைக் கை காட்டினார். வெல்டிங் பொறி தெறிக்காமல் இருக்க அதன் கண்ணாடிமேல் தகரத்தைச் சாய்த்துவைத்திருந்தார்கள்.

‘இந்த வேல முடியட்டும் தம்பி, தர்றேன்’ என்றார்.