பக்கத்தில் நிற்கிறவர்

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் எனக்கு வெகுநாளாகச் சங்கடம் கொடுத்து வந்திருக்கிறது. விசுவாசத்தில் தளர்ந்தவனை மற்றவர்கள் தாங்கி நிறுத்தவேண்டும் என்று நிருபங்கள் சொல்லுகிற இடங்களில், பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் 'புத்தி சொல்லுதல்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். இதை நாள்தோறும் செய்யவேண்டும் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் வேறு வற்புறுத்துகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மற்ற எந்தக் கட்டளையில் பின்தங்கியிருந்தாலும் இந்த ஒன்றில் பின்தங்கியதாக யாரும் குறை சொல்ல முடியாது. வேலை போனவன் வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்லுகிறோம். மகன் பரீட்சையில் தவறினால் தகப்பனுக்குப் புத்தி சொல்லுகிறோம். சாவு விழுந்த வீட்டில், சவப்பெட்டி வந்து சேருமுன்பே புத்தி சொல்லி முடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்.

கிரேக்கம் எனக்குத் தெரியாது. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரிடம் ஒரு நாள் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மூலத்தில் இருக்கிற சொல்லுக்கு ஒருவனைப் பக்கத்தில் அழைப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். அதைச் சில இடத்தில் ஆறுதல் என்றும், சில இடத்தில் புத்தி என்றும் மொழிபெயர்த்தார்கள். பரிசுத்த ஆவியானவருக்குத் தேற்றரவாளன் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான்" என்றார்.

அன்று முதல் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. மேலே நின்று சொல்லுகிற காரியம் அல்ல இது. பக்கத்தில் வந்து நிற்கிற காரியம். இப்படி நின்றே பெயர் வாங்கின மனிதர் ஒருவர் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் யோசே. சீப்புருத் தீவைச் சேர்ந்த லேவியர். நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர்களின் பாதத்தில் கொண்டுவந்து வைத்தவர். அவர்கள் அவருக்குப் பர்னபா என்று பெயரிட்டார்கள். ஆறுதலின் மகன் என்று அர்த்தம். பட்டப்பெயர் என்பது ஊரார் பார்த்துப் பார்த்து வைக்கிறது. சொந்தப் பெயரை மறக்கடிக்கிற அளவுக்கு அது நிலைத்துவிட்டதென்றால், அந்த மனிதர் ஏதோ ஒருநாள் இரண்டு நாள் அப்படி இருந்திருக்க முடியாது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் பர்னபாவை நான் பல தடவை கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவர் செய்த முதல் பெரிய காரியம் ஜாமீன் நின்றது. சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வருகிறான். யார் இந்தச் சவுல்? ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களுடைய வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவன். வீடு வீடாய் நுழைந்து ஆணையும் பெண்ணையும் இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டவன். இன்று வந்து, "நானும் உங்களில் ஒருவன்" என்றால் யார் நம்புவார்கள்? ஒருவரும் நம்பவில்லை; எல்லாரும் பயந்தார்கள். அதில் தப்பும் இல்லை. அந்த நேரத்தில் பர்னபா ஒருவர்தாம் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு அப்போஸ்தலர்களிடம் போய், தமஸ்குவுக்குப் போகிற வழியில் அவனுக்கு நடந்ததையும், தமஸ்குவில் அவன் துணிந்து பிரசங்கித்ததையும் எடுத்துச் சொன்னார்.

இதில் அவருக்கு என்ன செலவு என்று யோசித்துப் பாருங்கள். பணம் இல்லை. ஆனால் அவர் அந்தச் சபையில் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயர் முழுவதையும் அந்த ஒரு மனிதன்மேல் வைத்தார். சவுல் ஒற்றன் என்று பிறகு தெரிந்திருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்து போயிருக்கும். நாம் சாதாரணமாக ஒருவனை உற்சாகப்படுத்துகிறோம் என்று சொல்லும்போது, நம்முடையது ஒன்றும் குறைந்துபோகாத வார்த்தைகளையே கொடுக்கிறோம். அதனால்தான் அவை கேட்கிறவன் காதில் தங்குவதில்லை.

அடுத்தது அந்தியோகியா. அங்கே யூதரல்லாதவர்கள் கூட்டமாக விசுவாசிகளாகிறார்கள் என்று எருசலேமுக்குச் செய்தி வருகிறது. அதைப் பார்த்து வரப் பர்னபாவை அனுப்புகிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் மேலிடத்திலிருந்து வருகிற இன்ஸ்பெக்ஷன். இப்படிப் போகிறவர் குற்றங்குறை கண்டுபிடிக்காமல் திரும்பினால் போன வேலையே நடக்கவில்லை என்று நினைப்பது மனித சுபாவம். பர்னபாவோ அங்கே போய்ச் சேர்ந்து, தேவனுடைய கிருபையைக் கண்டார், சந்தோஷப்பட்டார், அதன் பிறகே அவர்களுக்குப் புத்தி சொன்னார். இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. முதலில் காண்பது, அடுத்தபடி மகிழ்வது, கடைசியில்தான் சொல்லுவது. நாம் முதல் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதற்குக் குதித்துவிடுகிறோம்.

காண்பது என்பது லேசான வேலை அல்ல. "நீங்கள் நல்லவர், கடவுள் உங்களைக் கைவிடமாட்டார்" என்று யாருக்கும் சொல்லலாம். அது தபால் அட்டையில் அச்சடித்த வாழ்த்து மாதிரி. "போன மழையில் கூரை போன அந்த வீட்டுக்காரர்களை, உங்கள் வீடே ஒழுகும்போது, உள்ளே அழைத்துப் படுக்க வைத்தீர்களே, அதை நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டுமானால், பார்த்திருக்க வேண்டும். தளர்ந்துபோனவனுக்குத் தன்னிடத்தில் நடந்திருக்கிற நல்லது கண்ணுக்குத் தெரியாது. வேறொருவன் அதைக் கண்டு சொல்லுவது முகஸ்துதி அல்ல, சாட்சி.

அந்தியோகியாவில் வேலை பெருகியபோது பர்னபா இன்னொன்று செய்தார். சவுல் சொந்த ஊரான தர்சுவுக்கு அனுப்பப்பட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சபை அவனை ஏறக்குறைய மறந்திருந்தது. பர்னபா தாமே தர்சுவுக்குப் போய், தேடிக் கண்டுபிடித்து, அழைத்து வந்தார். இருவரும் ஒரு வருஷம் முழுவதும் சேர்ந்து போதித்தார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதல் வழங்கியது அந்த ஊரில்தான். தம்மைவிடக் கெட்டிக்காரனைத் தேடிப்போய் அழைத்து வந்து தமக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுகிறவர்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? எழுத்துலகத்தில் நான் மிகச் சிலரையே பார்த்திருக்கிறேன்.

அதன் பலனும் வந்தது. ஆரம்பத்தில் 'பர்னபாவும் சவுலும்' என்று எழுதிவந்த நூல், சீப்புருவைத் தாண்டினதும் பெரும்பாலும் 'பவுலும் பர்னபாவும்' என்று எழுதத் தொடங்குகிறது. லீஸ்திரா ஊரார் இருவரையும் தேவர்கள் என்று எண்ணிக்கொண்டபோது, பேச்சில் முந்தி நின்ற பவுலுக்கு மெர்க்கூரி என்று பெயர் கொடுத்தார்கள். பேசாமல் பக்கத்தில் நின்ற பர்னபாவை யூப்பித்தர் என்றார்கள். பெயர் வரிசை மாறினதற்காகப் பர்னபா முகம் சுளித்ததாக ஓர் எழுத்துகூட இல்லை.

அவர் குறையில்லாதவரும் அல்ல. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதா வேண்டாமா என்ற தகராறில், எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து விலகினவர்களோடு பர்னபாவும் இழுபட்டுப்போனார் என்று கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். எல்லாருக்கும் இனியவராக இருப்பவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் மாற்கு விஷயத்தில் அவர் யாருக்கும் இனியவராக இருக்க முயலவில்லை. முதல் பிரயாணத்தில் பம்பிலியா நாட்டுப் பெர்கேயிலிருந்து பாதியில் வீடு திரும்பிவிட்ட இளைஞன் மாற்கு. இரண்டாவது தடவை அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். மாற்கு பர்னபாவுக்கு உறவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். அதோடு நடபடிகளில் அவருடைய பெயர் நின்றுபோகிறது. கதை பவுலோடு போய்விடுகிறது.

தோற்றுப்போன ஒரு பையனுக்காக அவர் கதையிலிருந்தே வெளியே போய்விட்டார். ஆனால் பிற்காலத்தில், தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோசனமுள்ளவன் என்ற கருத்தில் பவுல் கேட்கிறார். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை அந்த மாற்கு எழுதினார் என்பது சபையின் பழைய நம்பிக்கை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் பவுலின் பெயரைத் தாங்கிய நிருபங்கள் 13. பர்னபா எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வரியும் இல்லை.

இவ்வளவும் பெரிய மனிதர்களுடைய சரித்திரம். எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்லுகிறேன். பாடகர் குழுவில் நன்றாகப் பாடுகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார். ஒன்பது வயது மகள் நான்கு நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். வந்தவர்களெல்லாம் புத்தி சொன்னார்கள். கர்த்தர் நல்ல பூவாகப் பார்த்துத்தான் பறிக்கிறார் என்றார் ஒரு பெரியவர். அன்று அந்த மனிதருடைய முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. சில வாரங்களில் வீட்டுக்கு வருகிறவர்களும் நின்றார்கள்.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் மிக நல்ல சிநேகிதர்கள். எட்டாவது நாள் பேச ஆரம்பித்துத்தான் காரியத்தைக் கெடுத்தார்கள். எங்கள் ஆசிரியருக்கு அந்த முதல் ஏழு நாள்கூடக் கிடைக்கவில்லை.

கோயில் மணி அடிக்கிற கிழவர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சாயங்கால மணியை அடித்துவிட்டு நேரே ஆசிரியர் வீட்டுத் திண்ணைக்கு வருவார். இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒரு நாள் தம்முடைய பழைய வேதாகமத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "சார், ஒரு சங்கீதம் வாசிங்க. வாசிச்சுக் காட்ட எனக்கு வீட்டுல ஆள் இல்லை" என்றார். ஆசிரியர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாங்கி வாசித்தார். விசுவாசத்தினால் அல்ல, கேட்டவர் வயதானவர், மறுக்க முடியவில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையில் எனக்கு அது தினமும் கேட்கும்.

இப்படி வரிசையாக வாசித்துக்கொண்டே வந்து ஒரு நாள் 88-ஆம் சங்கீதத்துக்கு வந்தார்கள். அந்தச் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதல் வசனம் கிடையாது. வாசித்து முடித்த ஆசிரியர், "இப்படியும் இதிலே எழுதியிருக்கா?" என்று கேட்டார். "இருக்கத்தானே செய்யுது, சார்" என்றார் கிழவர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் அதே சங்கீதத்தை இன்னொரு தடவை, தமக்காக, வாசித்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில், மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாடகர் குழுவுக்கு அவர் திரும்பவேயில்லை. கிழவரும் அதைக் கேட்கவில்லை. அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை விசாரித்தேன். "நான் என்ன சொன்னேன் தம்பி? அவரு வாசிச்சாரு, நான் கேட்டேன்" என்றார்.

கிழவர் தம்முடைய குறையோடு போனார் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். கொடுக்கிறவராகப் போயிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பிற்காலத்தில் 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர், 1910-இல் எடின்பரோ மிஷனெரி மகாநாட்டில் மேல்நாட்டாரைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்: தியாகம் செய்தீர்கள், பொருள் கொடுத்தீர்கள், எங்களுக்குச் சிநேகிதர்களாக வாருங்கள் என்பது அவருடைய கருத்து. மேலே இருந்து கீழே நீளுகிற கை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் சிநேகிதனுடைய கை ஆகாது.

பக்கத்தில் நின்றால் எல்லாரும் எழுந்துவிடுவார்களா? இல்லை. அடிமைக் கப்பல் தலைவராயிருந்து பிறகு குருவான ஜான் நியூட்டனிடம் 1785-இல் இளைஞர் வில்பர்போர்ஸ் இரகசியமாக வந்து ஆலோசனை கேட்டார். அரசியலை விடாமல் அதிலேயே ஊழியம் செய்யும்படி நியூட்டன் திடப்படுத்தினார். 1807-இல் பிரிட்டனில் அடிமை வியாபாரம் சட்டப்படி ஒழிந்தது. நியூட்டன் அதைப் பார்த்துவிட்டு அந்த வருஷக் கடைசியில் இறந்தார். அதே நியூட்டனுக்கு ஓல்னி என்ற சிற்றூரில் கவி வில்லியம் கூப்பர் அண்டை அயலார். மனநோயால் தவித்த கூப்பரையும் சேர்த்துக்கொண்டு பாட்டுப் புத்தகம் ஒன்று எழுதினார். 1773-இல் நோய் முற்றியபோது ஒரு வருஷத்துக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1780-இல் லண்டனுக்குப் போன பிறகும் கடிதம் எழுதினார். ஆனாலும் கடவுள் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-இல் சாகும்வரை கூப்பரை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

ஒருவரிடத்தில் நியூட்டன் ஜெயித்தார், மற்றவரிடத்தில் தோற்றார் என்று கணக்கு எழுதலாமா? எனக்கு மனம் வரவில்லை. எழுந்து நடக்கப் போகிறவனுக்குப் பக்கத்தில் நிற்பது சுலபம். அவன் நடப்பதில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும். எழுந்திருக்க முடியாதவனுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றதுதான் பெரிது. கூப்பர் இருளில் இருந்தார்; ஆனால் தனியாக இருக்கவில்லை.

ஆகையால், பிறரைத் தேற்ற எனக்கு வரம் இல்லையே, பேச்சு வராதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பேச்சு வராதது நல்லதுதான். துக்கவீட்டுக்கு முதல் வாரம் எல்லாரும் போவார்கள். நீங்கள் நாற்பதாம் நாள் போங்கள். போய், உங்களுக்கு வேண்டிய ஏதாவது ஒன்றை அவர்களிடத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். மறுநாளும் போங்கள்.